மலையேறினால் கறுக்கும் பிளக்: பழைய பைக்கில் பெற்றோல் கூடுவதைக் கண்டுபிடிக்கும் வழி

போன வருசம் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். பைக்கை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு இஸ்தோப்பு ஓரமாக நிறுத்தினார். ஸ்ரீ நம்பர் போட்ட, 125 சீசீ, ரெட்டைச் சிலிண்டர் ஹோண்டா. நீர்கொழும்பில் வாங்கியது. சட்டைப் பையிலிருந்து, பேப்பரில் சுற்றிய நாலு பிளக்கை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். நாலும் விறகடுப்புச் சட்டியின் அடி மாதிரி கறுப்பு.

"அண்ணே, கொழும்பு ரோட்டுல நல்லாத்தான் ஓடுச்சு. கினிகத்தேனை தாண்டுனதும் மூச்சு முட்டுது. லிந்துலை மேட்டுல நின்னே போச்சு. மலைக்கு இப்படித்தான், சின்ன ஜெட் போடுன்னு சொன்னாங்க. பஞ்சிகாவத்தையில தேடி வாங்கிப் போட்டேன். இப்ப மேடும் ஏற மாட்டேங்குது, பிளக்கும் கறுத்துக்கிட்டேதான் இருக்கு."

பழைய பைக் வாங்கி மலைக்குக் கொண்டுவரும் பாதிப்பேர் சொல்லும் கதை இதுதான். பெற்றோல் தேவைக்கு மேல் போனால் பிளக்கில் கரி பிடிக்கும். ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும், துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் திருகு. அதை மாற்றியும் பிளக் கறுக்கிறது என்றால், அந்தக் கறுப்பு அந்த ஜெட்டிலிருந்து வரவில்லை. கையில் கிடைத்ததை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், எந்த இடத்தில் பெற்றோல் கூடுகிறது என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வெள்ளை டேப், ஒரு பேனா, சுத்தமான பிளக், பக்கத்தில் ஒரு மேட்டு ரோடு. கடைசியாகச் சொன்னது நம் ஊரில் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

மலை எவ்வளவு செய்யும்?

முதலில் மலையின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டருக்கு இது தெரியாது. ஒரே அளவு காற்று போகிறது என்று நினைத்துக்கொண்டு பெற்றோலை இழுத்துவிடுகிறது. ஆனால் காற்று மெலிந்தால் அது பெற்றோலை உறிஞ்சும் விசையும் கொஞ்சம் குறையும். அதனால் கலவை ஆறில் ஒரு பங்கு கெடுவதில்லை, அதில் பாதியளவு, ஏறக்குறைய 9 வீதம்தான் கெடுகிறது.

இதை எண்ணில் பாருங்கள். கொழும்பில் ஒரு கிராம் பெற்றோலுக்கு 13 கிராம் காற்று என்று ஓடிய எஞ்சின், நுவரெலியாவில் ஒரு கிராமுக்கு 12 கிராமுக்குக் கொஞ்சம் கீழே ஓடும். பெற்றோல் முழுதாக எரியத் தேவையான கணக்கு 14.7. ஆனால் 12இலும் எஞ்சின் ஓடும். கொஞ்சம் சோம்பலாக ஓடும், கொஞ்சம் கூடக் குடிக்கும், பிளக் மங்கலாகும். அவ்வளவுதான். நடு மேட்டில் நின்றுபோகாது. தலவாக்கலை, ஹட்டன் உயரமான 1,200 மீற்றர் சொச்சத்தில் இந்தப் பாதிப்பு இன்னும் குறைவு.

ஆகவே மலையேறியதும் பைக் நின்றுபோகிறது என்றால், கீழேயே அதில் ஒரு குறை இருந்திருக்கிறது. அடர்த்தியான காற்றில் அது மறைந்து கிடந்தது, மேலே வந்ததும் வெளியே வந்துவிட்டது. மலைக்கு ஏற்ற ஜெட் என்பது கடைசி வேலை. முதல் வேலையாக அதைச் செய்தவர்கள் எல்லாரும் இரண்டாவது தடவை காபரேட்டரைக் கழற்றியிருக்கிறார்கள், நானும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். காற்று ஆறில் ஒரு பங்கு குறைந்தால் எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். எவ்வளவு அருமையாக டியூன் பண்ணினாலும் அந்தப் பங்கு திரும்பி வராது. கொழும்பில் நாலாவது கியரில் ஏறிய பைக் இங்கே மூன்றாவதில் ஏறுகிறது என்பதற்காக யாரும் காபரேட்டரைக் கழற்ற வேண்டாம்.

உண்மையிலேயே பெற்றோல்தானா?

கறுத்த பிளக் எல்லாம் பெற்றோல் கூடியதால் கறுத்ததல்ல. விரலால் தடவிப் பாருங்கள். பெற்றோல் கரி காய்ந்திருக்கும், வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், விரலில் மை போல ஒட்டும். எண்ணெய்க் கரி ஈரமாக, பளபளப்பாக, வழுவழுப்பாக இருக்கும். இரண்டாவது வகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. நாலு ஸ்ட்ரோக்காக இருந்தால் ரிங், வால்வ் கைட் பக்கம் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தால் கியர்ப்பெட்டிப் பக்கத்து கிராங்க் சீல் பிய்ந்து கியர் எண்ணெயை இழுக்கிறதா என்று பாருங்கள்.

புகையும் சாட்சி சொல்லும். கறுப்பென்றால் பெற்றோல், நீலமென்றால் எண்ணெய். வெள்ளையைக் கண்டு மிரள வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறையும் காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வராவிட்டால்தான் ஆச்சரியம். அது நீராவி, அஞ்சு நிமிசத்தில் நின்றுவிடும்.

செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, குளிர்ந்த காலையில் சோக் போடாமல் உதைத்துப் பாருங்கள். இந்தக் குளிரில் சோக் இல்லாமல் ஒரே உதையில் கிளம்பி, சூடான பிறகு முரண்டு பிடித்தால் பெற்றோல் கூடியிருக்கிறது என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லலாம். இரண்டாவது, எஞ்சின் சூடாக இருக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். ஓட்டம் சீரானால் பெற்றோல் போதவில்லை, உடனே திணறி நின்றால் ஏற்கெனவே நிறையப் போகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சினை ஐட்லில் விட்டு பெற்றோல் டெப்பை அடைத்துவிட்டுக் காத்திருங்கள். காபரேட்டர்க் கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க கலவையில் பெற்றோல் குறைந்து அது மெலியும். நிற்பதற்குச் சற்று முன்னால் எஞ்சின் தெளிந்து, தானாக வேகமெடுத்து, பிறகு நின்றால், பெற்றோல் கூடியிருந்தது என்பதை அதுவே சொல்லிவிட்டது. அந்த ஹோண்டா அன்றைக்கு இதைச் செய்யவில்லை. ஐட்லில் நன்றாகவே ஓடி, அப்படியே நின்றது. அங்கேயே ஒரு கதவு அடைபட்டது: நோய் ஐட்ல் பக்கத்தில் இல்லை.

காபரேட்டரைத் தொடுவதற்கு முன்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காமல் முதலில் எயார் கிளீனரைப் பாருங்கள். தோட்டத்து ரோட்டுப் புழுதியும் மலை மூடுபனியும் சேர்ந்தால் பேப்பர் ஃபில்டர் அட்டையாகிவிடும். ஸ்பொஞ்ச் ஃபில்டர் என்றால் யாரோ எண்ணெயில் முக்கிப் பிழியாமல் போட்டிருப்பார்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிசம் ஓடவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அப்படியே ஊர் சுற்றப் போய்விடாதீர்கள், புழுதி சிலிண்டரைத் தின்றுவிடும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த ஒரு பைக்கின் எயார் பெட்டி வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்ததை ஒருமுறை கண்டேன். கொழுந்து மலையில் குளவி என்றால் பயந்து ஓடுகிற எங்களுக்கு, பைக்குக்குள்ளும் அதன் கைவரிசை.

அடுத்தது சோக். பல ஜப்பான் பைக்குகளில் கேபிளால் இழுக்கும் ஒரு சின்னப் பிஸ்டன் இருக்கும், அதன் நுனியில் ரப்பர். கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தளர்வு இல்லாவிட்டால் அது முழுதாக மூடாது. ரப்பர் கல்லாகிப்போனாலும் பெற்றோல் கசியும். பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகளில் அமல் காபரேட்டர் இருந்தால், அழுத்திப் பெற்றோலை நிரப்பும் அந்தச் சின்னப் பித்தான் எழும்பாமல் சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள். சிக்கினால் அது, கிண்ணத்தில் மிதந்து பெற்றோல் மட்டத்தைக் காக்கும் புளோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு நெருப்பு. பலவீனமான ஸ்பார்க்கும் பிளக்கைக் கறுப்பாக்கும், ஏனென்றால் உள்ளே வந்த பெற்றோல் எரிந்து முடிவதில்லை. கரண்டை வெட்டி ஸ்பார்க்கை எழுப்பும் பொயின்ட்டின் இடைவெளி பெரும்பாலான பழைய பைக்குகளில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிளக் இடைவெளி 0.6, 0.7. பொயின்ட் முகம் பொரிந்து கறுத்திருந்தால் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். பிளக்கின் நம்பரையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது), சம்பியன் பிளக்கில் அப்படியே தலைகீழ். மெதுவாக வளைந்து வளைந்து போகும் நம் ரோட்டில், தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் கறுத்துவிடும்.

ஒரே காபரேட்டரால் ஓடும் ரெட்டைச் சிலிண்டர் வண்டிக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இரண்டு பிளக்கும் ஒரே மாதிரிக் கறுத்தால் காபரேட்டர். ஒன்று கறுத்து மற்றது நல்ல நிறமாக இருந்தால் காபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒரே வாயால் ஊதும்போது ஒரு காதுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? பிளக் கெப், வயர், அந்தப் பக்கத்து வால்வ், ரிங் என்று போங்கள். அந்தத் தம்பியின் நாலு பிளக்கும் வித்தியாசமே இல்லாமல் கறுத்திருந்தன.

நாலு ஸ்ட்ரோக் வண்டி என்றால் இன்னொன்றையும் இப்போதே செய்யுங்கள். எண்ணெய்க் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெற்றோல் மணந்தாலோ, மட்டம் நீங்கள் ஊற்றியதை விட உயர்ந்திருந்தாலோ, புளோட் வால்வ் ஒழுகி பெற்றோல் எண்ணெய்க்குள் இறங்கியிருக்கிறது. அந்த எண்ணெயோடு எஞ்சினை ஓட்டக் கூடாது. ஒழுக்கை நிறுத்தி, எண்ணெயை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

டேப் ஒட்டிப் பார்ப்பது

இனித்தான் முக்கியமான வேலை. எக்சிலேட்டர்க் கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப், அதற்குப் பக்கத்தில் அசையாத பாகத்தில் இன்னொரு துண்டு. மூடிய நிலையில் இரண்டிலும் நேராக ஒரு கோடு. முழுதாகத் திருப்பி அங்கே ஒரு கோடு. நடுவே கால், அரை, முக்கால் என்று பிரித்துக் கோடு போடுங்கள். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் காபரேட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் கைப்பிடியின் ஒவ்வொரு பங்குக்குத்தான் பொறுப்பு, எஞ்சின் வேகத்துக்கு அல்ல. புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். "ஐம்பதுல போகும்போது அடைக்குது" என்பார்கள். ஐம்பது முக்கியமில்லை, அப்போது கைப்பிடி எங்கே நின்றது என்பதுதான் முக்கியம்.

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஐட்லுக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டும் அதன் கலவையைச் சரிசெய்யும் எயார் ஸ்குரூவும். அங்கிருந்து கால் வரை, கைப்பிடியைத் திருப்பும்போது மேலே எழும்பும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். ஒன்று மற்றதோடு கொஞ்சம் கலந்திருக்கும், கத்தியால் வெட்டினது மாதிரி இருக்காது.

இதில் நமக்கு கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு வசதி. முழுதாகத் திருப்பிச் சோதிக்க அவர்கள் ஆபத்தான வேகத்தில் போக வேண்டும். நமக்கு இறம்பொடை ஏற்றமோ வட்டவளை ஏற்றமோ இருக்கிறது. மூன்றாவது கியரில், முழுதாகத் திருப்பி, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நிமிசம் ஏறலாம். பின்னால் பஸ் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வளைவில் அவர்கள் நம்மைக் கணக்கெடுப்பதில்லை.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பின், ஒரு கோட்டில் கைப்பிடியை அசையாமல் பிடித்து ஏறுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். பெற்றோல் கூடினால் எஞ்சின் தொண்டையில் சளி கட்டின மாதிரி கரகரக்கும், ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்கும், இழுக்காது. அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐட்லில் ஓடவிட்டுப் பார்த்தால் ஐட்லின் நிறம்தான் தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் சுத்தமான பிளக் போடுவது நல்லது. சூடான தலையில் பிளக்கை இறுக்கும்போது கையால் கடைசி வரை திருகிவிட்டுப் பிறகு ஸ்பேனரைப் போடுங்கள், அலுமினிய மரை ஒருமுறை போனால் போனதுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கையேடுகள் நல்ல பிளக் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும் என்று சொல்லும். அது ஈயம் கலந்த பெற்றோல் காலத்துச் சங்கதி. இப்போதைய பெற்றோலில் நல்ல பிளக் அதைவிட வெளிறித்தான் இருக்கும். அந்தப் பழைய நிறம் வரும்வரை பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பீங்கானின் நுனியை விட அது உள்ளே இறங்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கும்.

அந்த ஹோண்டாவை நான் அப்படி ஓட்டிப் பார்த்தேன். எட்டில் ஒன்று வரை அருமை. காலைத் தாண்டியதும் கரகரப்பு. அரையில் இழுவையே இல்லை, பிளக் கரி. முழுதாகத் திருப்பினால் கரகரப்பு போய்விட்டது, ஆனால் உயிரில்லாமல் ஏறியது. மெயின் ஜெட்டைச் சின்னதாக்கிவிட்டார் அல்லவா, அங்கே இப்போது பெற்றோல் போதவில்லை. நோய் நடுவில், மருந்து தலையில்.

நடுவில் கறுத்தால்

நடுப்பகுதி நீடிலின் ராச்சியம். ஸ்லைடை வெளியே எடுத்தால் நீடிலின் தலைப்பக்கம் நாலைந்து சின்னப் பள்ளம் தெரியும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், பெற்றோல் குறையும். கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெற்றோல் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீணாக்கியவர்களில் நானும் ஒருவன். சில வண்டிகளில் பள்ளமே இருக்காது, அவற்றில் இந்த வழி இல்லை.

தம்பியின் நீடிலில் கிளிப் கீழே கடைசிப் பள்ளத்தில் இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது. யாரும் சும்மா அப்படிச் செய்ய மாட்டார்கள். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கெஸ்கட் மட்டும் புத்தம் புதிதாக இருந்ததைப் பார்த்ததும் விசயம் பிடிபட்டது. பழைய கெஸ்கட் வழியே காற்று கசிந்து எஞ்சின் மெலிந்து ஓடியிருக்க வேண்டும். அதைச் சமாளிக்க ஒருவர் நீடிலைத் தூக்கியிருக்கிறார். பிறகு வேறொருவர் கெஸ்கட்டை மாற்றியிருக்கிறார், நீடிலைத் தொடவில்லை. கீழே அது மறைந்து கிடந்தது. கினிகத்தேனை தாண்டியதும் மலை தன் பங்கையும் அதன் மேல் ஏற்றிவிட்டது.

கிளிப் சரியான பள்ளத்தில் இருந்தும் நடுவில் கறுக்கிறதென்றால் நீடிலும் அதன் ஜெட்டும் தேய்ந்திருக்கின்றன. நாற்பது வருசம் ஒரு குச்சி ஒரு துளைக்குள் ஆடினால் துளை வட்டமாகவா இருக்கும்? ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், முட்டை வடிவம் தெரிந்தால் தூக்கிப்போடுங்கள். நீடிலில் ஒரு பக்கம் மட்டும் மினுங்கும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

எல்லா நிலையிலும் கறுத்தால்

கைப்பிடி எங்கே நின்றாலும் கறுக்கிறதா? அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பாருங்கள். எயார் கிளீனரையும் சோக்கையும் பார்த்தாயிற்று. மிஞ்சுவது கிண்ணத்தின் பெற்றோல் மட்டம்.

கிண்ணத்தைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் இஸ்தோப்புக்கும் அடுப்புக்கும் நாலடி தூரம்தான். பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து போகும். உள்ளே விறகு எரியும்போது வெளியே காபரேட்டரைக் கழற்றாதீர்கள். வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

கழற்றிய காபரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் குழாயில் வாயை வைத்து மெதுவாக ஊதுங்கள். புளோட்டின் பாரத்தால் வால்வ் மூடியிருக்க வேண்டும், காற்று போகக் கூடாது. போனால் வால்வின் கூம்பு நுனியை நகத்தால் வருடுங்கள். ஒரு வளையம் தட்டுப்பட்டால் அது முடிந்தது. டேங்கிலிருந்து வரும் துருத்தூளும் அங்கேதான் சிக்கும், அதனால் டேங்கையும் பாருங்கள்.

பித்தளைப் புளோட் என்றால் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுங்கள். உள்ளே 'களக்' என்றால் பெற்றோல் புகுந்துவிட்டது. சத்தம் இல்லாவிட்டாலும் ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஊசித் துவாரம் இருக்கும் இடத்திலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். ஈயம் பற்றவைத்துச் சரிசெய்யலாம் என்பார்கள். உள்ளே ஒரு சொட்டுப் பெற்றோல் இருந்தாலும் அது வெடிக்கும். பற்றவைத்த ஈயத்தின் பாரத்தால் புளோட் தாழ்ந்து மட்டம் மறுபடி உயரும். புதியது வாங்குவதுதான் என் கட்சி.

புளோட் உயரத்தை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள். புளோட்டில் வால்வைத் தொடும் சின்ன நாக்கை வளைக்கும்போது வால்வின் ஸ்பிரிங்கை அமுக்காமல், தொடுகிற நிலையில் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பிளக்கில் தெரியும்.

ஐட்லில் கறுத்தால் எயார் ஸ்குரூ. இதில் ஒரு பொறி உண்டு. ஸ்குரூ எயார் கிளீனர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். எதுவானாலும் முதலில் உள்ளே மெதுவாக முட்டும் வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கி முட்டினால் நுனி கெட்டுவிடும். பொதுவாக ஒன்றரைச் சுற்றை ஒட்டித்தான் சரியான இடம் இருக்கும். மூன்று சுற்றுத் திருப்பியும் மாற்றமில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

அடைப்பு என்றதும் பெற்றோல் வழி அடைப்பதைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அது அடைத்தால் கலவை மெலியும். காற்று வழி அடைத்தால்தான் பெற்றோல் கூடும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கிண்ணத்தில் மிச்சம் இருந்ததோடு மாதக்கணக்கில் நின்ற பைக்குகள் பல இந்த நோயோடுதான் எழுந்தன. நீடில் ஜெட்டைச் சுற்றி இருக்கும் குழலின் பக்கவாட்டில் தலைமயிர் அளவுத் துளைகள் இருக்கும், அவற்றின் வழியே காற்று பெற்றோலோடு கலக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு துளையிலும் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அங்கே பச்சையும் பழுப்புமாகப் பொருக்குக் கட்டி இருந்தால் காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, தூண்டில் நைலோன் நூலை நுழைத்து எடுங்கள். ரப்பர்களை முதலில் கழற்றிவிடுங்கள். கம்பியோ ஊசியோ எந்த ஜெட்டுக்குள்ளும் போகக் கூடாது. பித்தளை மிருதுவானது, நூலிழை பெரிதானாலும் அதன் நம்பர் பொய்யாகிவிடும். நம்பர் 100 என்று எழுதியிருக்கும், வேலை 110 போலச் செய்யும், நீங்கள் வருசக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆர்எக்ஸ் 100 மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு குறிப்பு. சைலன்சருக்குள் கரி அடைத்தாலும் பெற்றோல் கூடினது மாதிரியே திணறும், அதனால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். புகை கூட என்று எண்ணெயைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. டேங்கிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றும் வண்டியில் எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைகிறது, கலவை மெலிகிறது. எண்ணெயைக் குறைத்தால் பெற்றோல் கூடும், பிஸ்டனும் காயும்.

கடைசியாக மலை ஜெட்

இவ்வளவும் சரியான பிறகும் முக்காலுக்கு மேல் கரகரக்கிறதென்றால், இப்போது மெயின் ஜெட்டை மாற்றலாம். ஒரு படி இறக்குங்கள், ஓட்டிப் பாருங்கள், தேவையானால் இன்னொரு படி. துளையின் விட்டத்தைக் கொண்டு நம்பர் போடும் ஜெட் என்றால், நுவரெலியா உயரத்துக்குக் கணக்குப்படி 100 இருந்த இடத்தில் 95 போதும். அதற்குக் கீழே போகத் தோன்றினால் வேறு ஏதோ ஒன்று இன்னும் சரியில்லை என்று அர்த்தம். பொருளும் ஒரே கம்பனிப் பொருளாக இருக்கட்டும். மிக்குனி நம்பரும் கேஹின் நம்பரும் அமல் நம்பரும் ஒரே அளவைச் சொல்வதில்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஜெட்டையும் நீடிலையும் பிளக்கையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

மலைக்கு மெலியவைத்த பைக்கை அப்படியே கீழே கொண்டுபோகாதீர்கள். இருபத்திரண்டு வயதில் என் இரண்டு ஸ்ட்ரோக்கை நுவரெலியாக் காற்றுக்கு அருமையாக டியூன் பண்ணிவிட்டு, அந்தப் பெருமையோடு கொழும்புக்குக் கிளம்பினேன். கித்துல்கலை வரை இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. அவிசாவளை தாண்டி நேர் ரோட்டில் முழுதாகத் திருப்பினேன். அடர்த்தியான காற்று, போதாத பெற்றோல், மேலே கொதிக்கும் வெயில். பத்து நிமிசத்தில் பின் சக்கரம் கிரீச்சென்று பூட்டியது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்த செலவில் ஒரு பெட்டி நிறைய ஜெட் வாங்கியிருக்கலாம். பெற்றோல் கூடினால் பிளக்தான் கெடும், குறைந்தால் எஞ்சினே போகும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் கூட இருப்பதே மேல்.

தம்பியின் ஹோண்டாவில் நீடில் கிளிப்பை நடுப் பள்ளத்துக்கு ஏற்றி, பழைய மெயின் ஜெட்டையே திரும்பப் போட்டோம். லிந்துலை மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது. முழுதாகத் திருப்பினால் மட்டும் லேசாக ஒரு கரகரப்பு மிச்சம் இருந்தது. அதற்கு அவர் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜெட் அளவுக்கு மேல் சின்னது, அதற்கும் பழையதற்கும் நடுவில் ஒன்றைத் தேடி அடுத்த கிழமை மாற்றினார். பக்க மூடியைக் கழற்றினால் உள்பக்கம் அவர் பெயின்ட் பேனாவால் எழுதிய இரண்டு வரி இப்போது தெரியும்: "ஹட்டனுக்கு மேல 95. அவிசாவளைக்குக் கீழ 100." அதற்குப் பக்கத்தில் அந்த 100ஆம் நம்பர் ஜெட், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு டேப்பால் ஒட்டியிருக்கிறது.